டேப் ஒட்டிய பக்கம்

முன்கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது என்று யார் போன் செய்தாலும் அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்: "டேப் ஒட்டினீங்களா?" என்ன கார், எப்படி உடைந்தது என்பதெல்லாம் அப்புறம். உடைந்த இடத்தில் தூசியும் தண்ணீரும் புகுந்துவிட்டால் விரிசலை அடைக்கிற ரெசின் பசை இறங்காது. ரெசின் இறங்காவிட்டால், அடைத்துச் சரிசெய்திருக்க வேண்டிய கண்ணாடியை முழுசாகக் கழற்றி எறிய வேண்டியதுதான். இதை அவள் வாய் வலிக்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்காத ஜென்மங்கள் பற்பசையைத் தடவி, நகச்சாயத்தை ஊற்றி, கெடுக்க வேண்டியதையெல்லாம் கெடுத்துவிட்டு வந்து நின்று, "சின்னதா ஒரு கீறல்தாங்க" என்பார்கள். அவர்களை அவள் கண்ணாலேயே எரிப்பாள்.

அதனால், அன்று மதியம் சொந்தத் தம்பி காரைக் கொண்டுவந்து அவள் கண்ணாடிக்கடை வாசலில் நிறுத்தியபோது, அதன் முன்கண்ணாடியில் ஓரம் சுருங்காமல் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்து அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இங்க வந்து பாருங்க! நான் சொல்றதைக் காதுல வாங்குற ஒரே ஆளு இவன்தான்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

உள்ளே இருந்தவர் அவள் கணவர். கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் வேலை. அடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா என்று பார்த்து முடிவு சொல்வது அக்காவின் வேலை. அந்த முடிவில் அவர் மூக்கை நுழைத்ததே இல்லை. தெருவே அவரைச் சமாதானம் என்றுதான் கூப்பிடும். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு பேரிடமும் "நீங்க சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு நழுவி வந்துவிடுகிற மனுஷர். காரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, தம்பியிடமிருந்து சாவியை வாங்கி வாசல் கதவோரம் இருந்த கொக்கியில் மாட்டினார். வேலை முடியும்வரை வண்டிச்சாவி கொக்கியில்தான் தொங்க வேண்டும். அது கடை வழக்கம்.

"எப்படிடா ஆச்சு?"

"லாரிக்கா. முன்னாடி ஜல்லி ஏத்திட்டுப் போனான். மேல ஒண்ணும் மூடல. டொக்குனு ஒரு கல்லு."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. லாரிக்காரர்களின் பரம்பரையை ஒரு பிடி பிடித்தாள். மூடாமல் ஓட்டுகிறவனை மட்டுமல்ல, ஓட்ட விடுகிறவனையும், பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற போலீசையும் சேர்த்து வறுத்தெடுத்தாள். "நம்பரைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"வேகமா போயிட்டான்க்கா. அதை விடு. நாளைக்கு மாமனார் வர்றார். ஸ்டேஷன்லேருந்து இந்தக் கார்லதான் கூட்டிட்டு வரணும். மாத்தல்லாம் வேணாம், ரெசினைப் போட்டு அடைச்சுக் குடுத்துடு. பளிச்சுன்னு தெரியாம இருந்தாப் போதும்."

மாமனார் என்றதும் அக்காவுக்கு இன்னும் அக்கறை கூடியது. அந்த மனுஷர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க ஊரோடு கத்திப் பேசிய வாய் என்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டார். தம்பிக்குப் பெண் கேட்டுப் போனபோது படிப்பு, சம்பளம், வீடு என்று எதையும் அவர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பையன் கோவக்காரரா?" அக்கா சிரித்துவிட்டாள். "என் தம்பியா? கோவம்னா கிலோ என்ன விலைன்னு கேப்பான். நான் தூக்கி வளத்த புள்ள. அதுக்கு நான் பொறுப்பு" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். அதை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்.

அந்தப் பெண் காருக்குள் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை. அக்கா அவளைச் செல்லமாக 'மாத்திரை' என்று கூப்பிடுவாள். வழக்கமாகக் கார் நிற்பதற்குள் இறங்கி ஓடிவந்து "அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று இறங்கவில்லை. தலைவலியாக இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

டேப்பைப் பதமாக உரித்தாள். அடியில் விரிசல் சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடியிருந்தது. ரெசினையோ கருவியையோ தொடுவதற்கு முன்னால் அக்கா விரல்நகத்தால் தடவிப் பார்ப்பாள். கல் விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு குழி இருக்கும், அதில் நகம் மாட்டும். இங்கே மாட்டவில்லை. இன்னொரு தரம் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்து, மூன்றாம் தரமும் தடவினாள். ஒரு பொட்டுக் குழி இல்லை.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே சாய்ந்து, அதே இடத்தை உள்பக்கமாகத் தடவினாள். நகம் நறுக்கென்று மாட்டியது. விரலில் ஒரு சிலாம்பு ஏறி ரத்தம் துளிர்த்தது. கீழே, காற்று வருகிற இடுக்கில், கண்ணாடித் தூள் மின்னிக்கொண்டிருந்தது. உடைந்த இடம் மருந்துக்கடைக்காரி உட்கார்ந்திருந்த சீட்டுக்கு நேர் எதிரே, அவள் முக உயரத்தில் இருந்தது.

லாரியாவது கல்லாவது! அக்காவுக்குக் காதோரம் சூடேறியது. இவ்வளவு நேரம் யாரோ முகம் தெரியாத லாரிக்காரனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். தம்பி அவள் காதில் முழம் முழமாகப் பூச்சுற்றியிருக்கிறான். கல் வெளியிலிருந்துதான் வரும் என்று பொய்க்குப் பொருத்தமாக டேப்பையும் வெளியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வேறு எவனாவது என்றால் டேப்பே ஒட்டாமல் வந்திருப்பான். இவன் கண்ணாடிக்கடைக்காரியின் தம்பி அல்லவா, ஒட்டாமல் வந்தால் அக்கா திட்டுவாள் என்று தெரியும்.

"இறங்கி வாம்மா. உள்ள வந்து தண்ணி குடி" என்றாள்.

"அவ எதுக்கு? கார்லயே இருக்கட்டும்" என்றான் தம்பி.

"இந்த வெயில்ல உக்காந்து வேகட்டுமா? நீ வா."

கடையின் பின்னறையில் ரப்பர் பட்டைகள் தோரணமாகத் தொங்கின. ஒரு குழாய், ஒரு ஸ்டூல். அக்கா கதவைச் சாத்தினாள். விரலைக் குழாயில் காட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"என்னத்தம்மா எறிஞ்சான்?"

"லாரி அண்ணி. கல்லு..."

"லாரி என்ன காருக்குள்ளயா ஓடுச்சு?"

மருந்துக்கடைக்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம் அவள் சொன்னாள்.

"தண்ணி பாட்டில். ஸ்டீல் பாட்டில்."

"எதுக்கு?"

"லெஃப்ட்ல திரும்பணும்னு சொன்னேன். கேக்காம நேரா போயிட்டார். சுத்தி வர வேண்டியதாப் போச்சு. நான் சிரிச்சேன்."

"சிரிச்சே. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா என் மேல படல அண்ணி. கண்ணாடியிலதான் பட்டுச்சு."

"இதுக்கு முன்னாடி?"

"இல்ல அண்ணி, இதான் முதல் தடவை" என்று கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவருக்குத் தாங்காது. கண்ணாடியை எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க, போதும்."

ஒரு பெண் சிரித்ததற்கு பாட்டில் பறக்கிறது, அவள் கண்ணாடிக்காகக் கவலைப்படுகிறாள். அக்கா குழாயை வெடுக்கென்று மூடினாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே சமாதானம் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தம்பி தெருவைப் பார்த்தபடி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். சமாதானம் அக்காவை அலமாரிப் பக்கம் ஒதுக்கினார்.

"உள்பக்கம் உடைஞ்சது, அடைக்க முடியாது. ஆனா இந்தக் காருக்குப் புதுக் கண்ணாடி நம்மகிட்டயே இருக்கு. இன்னைக்கே மாட்டிடலாம். நாளைக்கு அவர் வர்றப்ப எல்லாம் புதுசா இருக்கும். அப்புறம் தம்பியைத் தனியாக் கூப்பிட்டுப் பக்குவமா..."

"பூசி மெழுகச் சொல்றீங்க."

"சின்னஞ்சிறுசுங்க. நாம ஏன் பெருசாக்கணும்?"

"பெருசாக்குறது நானா? எறிஞ்சவன் இல்ல, நானா?"

சமாதானம் புதுக் கண்ணாடியை அலமாரியிலிருந்து உருவி, கம்பளி சுற்றிய தாங்கியில் மெதுவாக நிறுத்தினார். பச்சைச் சாயலோடு, துளிக் கீறல் இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு கணம் அக்காவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இதை மாட்டிவிட்டால் நாளைக்கு அந்தக் கண்டக்டரின் முகத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கலாம். 'என் தம்பிக்கு நான் பொறுப்பு' என்று சொன்ன வாய் சொன்னபடியே இருக்கும். அப்படி ஆசைப்பட்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"டேய், போனை வை" என்றாள். "டேப்பை ஏண்டா வெளியில ஒட்டினே?"

"நீதானேக்கா ஒட்டச் சொல்லுவே?"

"உடைஞ்சது உள்ள. ஒட்டினது வெளியிலயா?"

தம்பியின் முகம் தொங்கிப்போனது. அப்புறம் முதல் வார்த்தையாக அவன் கேட்டது, "சொல்லிட்டாளா?"

"அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? இத்தனை வருஷமா இங்க உக்காந்து நான் என்ன கத்திரிக்காயா விக்கிறேன்?"

"அக்கா, ரோட்ல நின்னு கத்தாதே. ஏதோ ஒரு கோவம். அவ மேலயா எறிஞ்சேன்? அவ மேல படாம, பாத்து, கண்ணாடியிலதான் எறிஞ்சேன்."

"ஓ, பாத்து எறிஞ்சியா! குறி பாக்குற அளவுக்கு நிதானம் இருந்துச்சா? அப்ப அதுக்குப் பேரு கோவம் இல்லடா. உன் மூஞ்சி இதுதான்னு அவளுக்குக் காட்டியிருக்கே. இன்னைக்குக் கண்ணாடி, அடுத்தது நீதான்னு காட்டியிருக்கே."

"எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்."

"என் வீட்ல நடக்கல! இந்த மனுஷன் வழவழா கொழகொழான்னு நான் தினமும் திட்டுறேன். ஒருநாள் ஒரு டம்ளரைத் தட்டிவிட்டிருப்பாரா?"

சமாதானம் நெளிந்தார். பின்னறைக் கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரி வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், வாசல் கதவோரம் ஒண்டி நின்றாள். தெருவில் போன இரண்டு பேர் நடையைத் தளர்த்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மாட்ட முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போ. ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று தம்பி விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தான். கொக்கி மருந்துக்கடைக்காரியின் தலைக்கு மேலே இருந்தது. சாவியை எடுக்க அவன் வெடுக்கென்று கையைத் தூக்கினான்.

அவள் குனிந்துவிட்டாள். சும்மா ஒதுங்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முட்டி மடங்கி, சுவரோடு சுவராகச் சுருண்டாள். அவன் கை கொக்கியைத் தொடுவதற்கு முன்பே அவள் பாதித் தரையில் இருந்தாள்.

தம்பியின் விரலில் சாவி தொங்கியது.

"சாவிதானே எடுத்தேன்" என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது. "சாவிதான்க்கா எடுத்தேன்."

கண்ணாடியில் பட்ட ஒரே ஒரு பாட்டில் எவளுக்கும் இப்படிக் குனியச் சொல்லித் தராது. இது பல நாள் பழக்கம். எந்தக் கை எப்போது உயர்ந்தால் எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்று உடம்பு கற்று வைத்திருக்கிறது. முதல் தடவை என்று அவள் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னாள் என்பது அக்காவுக்கு இப்போது புரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை தரம் இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள், எத்தனை தரம் ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறாள்! ஒருநாள்கூடத் தனக்குத் தெரியவில்லையே! அக்கா ஓடிப்போய் அவளைத் தூக்கி, தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சமாதானம் தாங்கியில் நிறுத்தியிருந்த புதுக் கண்ணாடியைத் தூக்கினார். அலமாரிக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகினார். பிறகு வந்து தம்பியின் எதிரே நின்று, அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, நீங்க நடந்து போங்க" என்றார்.

"என்ன மாமா, நீங்களுமா?"

"நடந்து போங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயசில் யாரோ அடித்துவிட்டால் வந்து பார்ப்பானே, அதே பார்வை. "நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?" என்றான்.

"அவங்க அப்பாகிட்ட வாக்குக் குடுத்தது நான்டா. நீ இல்ல. இந்தக் கண்ணாடியை நான் அடைக்கவும் மாட்டேன், மாத்தவும் மாட்டேன். அந்த மனுஷன் வந்து தன் கண்ணால பாக்கட்டும். என்னைக் காறித் துப்புறதா இருந்தாலும் துப்பட்டும். நீ போ."

அவன் போனான். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அக்காவுக்கு அழுகை முட்டியது. அதையும் கோபமாகத்தான் விழுங்கினாள். போனை எடுத்து மாமனாரின் நம்பரைத் தேடினாள். அவசரத்தில் வேறு யாருடைய பேரையோ அழுத்தி, கட் பண்ணி, மறுபடி தேடினாள். என்னவென்று ஆரம்பிப்பது? 'உங்க பொண்ணு நல்லா இருக்கா' என்றா?

மருந்துக்கடைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகக் கையை நீட்டி அந்தப் போனை வாங்கினாள்.

"நான் பேசறேன் அண்ணி."

மறுமுனையில் எடுத்ததும் சத்தமாக ஒரு "ஹலோ" கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, நான்தான்... ரயில் டிக்கெட் கிடக்கட்டும்பா. நாளைக்கு வேணாம். இன்னைக்கே வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."