அளக்காமல் கொட்டியது

1

இந்தக் கதை நான் செய்த ஒரு போனில் பிறந்தது. அதைச் சொல்லாமல் தொடங்கத்தான் இரண்டு நாளாகப் பார்த்தேன்.

'மாட்டு ஈரல் வாசனையோடு வீடு திரும்பும் பெண்ணை யார்தான்…' (விட்டுவிட்டேன். நான் வழக்கமாக எழுதும் குடும்ப நாவல்களின் நெடி அடிக்கிறது.)

'உயிரணுவின் உட்கருவுக்குள் ஒரு நொதி இருக்கிறது. அறுந்துபோன மரபிழையை ஒட்டவைப்பது அதன் வேலை…' (பாடப்புத்தகம்.)

'அன்று மட்டும் அவள் அண்ணி போன் செய்யாமல் இருந்திருந்தால்…' (அந்த அண்ணி நான்தான். இதுதான் சரியான தொடக்கம். இதற்குமேல் ஓடவில்லை.)

2

அவள் என் நாத்தனார். வீட்டில் அவளுக்குக் கசாப்பு டாக்டர் என்று பெயர். வைத்தது அவள் அண்ணன், அதாவது என் கணவர். பதினோரு மாதமாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அறுப்புக்கூடத்துக்குப் போய்ச் சூடாறாத ஈரலை ஐஸில் புதைத்து எடுத்துவருவாள். வெளியே வெயில் கொளுத்தும்போது ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் ஸ்வெட்டரோடு நின்று அதை நறுக்கி, அரைத்து, வடிகட்டி, சுழற்றி, உட்கருக்களை மட்டும் அடியில் படியவைப்பாள். உப்புநீரில் அவற்றை உடைத்து, வரும் சாற்றைப் பொடிமணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொன்றாக இறக்குவாள். வேண்டியது, அந்த ஒட்டவைக்கும் நொதி, மணிகளில் ஒட்டிக்கொள்ளும். வேண்டாதது வழிந்து கீழே பாட்டிலில் சேரும்.

(வேண்டாதது என்று யார் சொன்னது? இந்த அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள்.)

குளிர் அறைக் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அளக்காமல் எதையும் கொட்டாதே.'

நோட்டின் கடைசிப் பக்கங்களில் முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்திருந்தாள். எத்தனை டிகிரியில் வேலை செய்யும், எவ்வளவு உப்பு தாங்கும், எடை என்ன. நொதி தனியாகக் கைக்கு வந்ததும் நிரப்ப வேண்டியவை. பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைக்கிறாயா என்று கேட்டேன். சிரித்தாள்.*

*அவள் சிரிப்பை விவரித்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இப்போது இல்லை.

3

அந்த வெள்ளிக்கிழமையோடு அவள் வேலைக்காலம் முடிகிறது. கையிலிருந்தது கடைசி ஈரல். புதிதாக ஒரு கடைசிக் குழாயும் சேர்த்திருந்தாள்.

புதன்கிழமை மூன்றரை மணிக்குப் போன் செய்தேன். என் சிநேகிதியின் தம்பி ஐந்து மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருவதாகவும், ஒருநாள் சீக்கிரம் கிளம்பினால் அவள் ஈரல் கோபித்துக்கொள்ளாது என்றும் சொன்னேன்.

"இன்னும் அளக்கல அண்ணி."

"நாளைக்கு அளந்துக்கோயேன்."

வழிந்தது சேர்ந்திருந்த பாட்டில் இரவல். மறுநாள் காலை பக்கத்துக் குழுவுக்குக் கழுவித் தரவேண்டும். வழிந்த நீரில் நொதியின் வேலை ஏதும் தப்பியிருக்கிறதா என்று அளக்க ஒரு மணி நேரம் ஆகும். அவள் நொதி எப்போதும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். அதில் சந்தேகமே இல்லை. வழிந்த நீரைத் தொட்டியில் கொட்டி, பாட்டிலை மூன்றுமுறை அலசிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

அந்த மனிதர் ஐந்தரைக்கு வந்தார். தன் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று முக்கால் மணி நேரம் சொல்லிவிட்டுப் போனார்.

4

வியாழக்கிழமை காலை, புரதங்களைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டும், சாயமிட்ட ஜெல்லில் ஒரே ஒரு நீலக்கோடு. எத்தனையோ புரதங்கள் கலந்திருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. ஆய்வுக்கூடத்தில் கைதட்டினார்களாம். மத்தியானம் அது வேலை செய்கிறதா என்று அளந்தாள். பூஜ்யம். மறுபடி அளந்தாள். பூஜ்யம்.

பேராசிரியர் வந்து பார்த்தார். "சுத்தமாத்தான்மா இருக்கு. கூட இன்னொண்ணு இருந்தாத்தான் வேலை செய்யும்போல, அது பிரிஞ்சு போயிருக்கு. வழிஞ்சதுல கொஞ்சம் எடுத்து இதோட கலந்து பாரு."

"கொட்டிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. போகும்போது கதவுச் சீட்டை ஒருமுறை படித்துவிட்டுப் போனார்.

5

முடிவு ஒன்று: பாட்டிலின் அடியில் சில துளிகள் மிஞ்சியிருந்தன. கலந்தாள்… (மூன்றுமுறை அலசியதாக நானே எழுதியிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: கார்க்காரர் திரும்பி வருகிறார். பிரிந்த இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் என்று அவளுக்கு… (என் நாவல்கள் பாதிக்குமேல் இந்த வரியில்தான் முடிகின்றன. எழுதிய கை கூசுகிறது.)

முடிவு மூன்று: ஒரு மாதம் நீட்டிப்பு கிடைக்கிறது. (கேட்டாள். கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டாள்.)

6

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் புழுக்கமான கூடத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள்.

"ரெண்டாவது முடிவ எடுத்துடுங்க அண்ணி." கொஞ்சம் கழித்து, "முதல் முடிவையும்தான். அந்தப் பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் போன் செய்யாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

"கொட்டினது என் கை."

என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். மன்னித்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

எனவே அவளைப் புதன்கிழமை மூன்றே முக்காலில் நிறுத்தியிருக்கிறேன். தொட்டியருகே நிற்கிறாள். பாட்டில் சாய்ந்திருக்கிறது, இன்னும் வழியவில்லை. நோட்டில் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அவள் எண்ணை உங்களுக்குத் தருகிறேன், நீங்கள் கூப்பிட்டு நிறுத்துங்கள். என் எண் என்றால் எடுத்துவிடுவாள், எடுத்தால் மறுபடி கிளம்பி வரத்தான் சொல்வேன், அதனால் நான் கூப்பிடப்போவதில்லை. அடுத்த வாக்கியத்தை எழுதினால் கொட்டிவிடும். அவள் கையைக் கொஞ்சம்