அளிக்க

பெட்டிக்காரர் தன் மச்சானுக்குத் தர வேண்டிய கடன் எட்டாயிரத்து நானூற்று ஐம்பது. மனைவியின் அண்ணன்தான் மச்சான். பழைய பேப்பர் கிடங்கு வைத்திருந்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று கிடங்கின் இரும்புக் கதவிலேயே அந்தக் கணக்கைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். அதனால் பெட்டிக்காரர் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

அன்று மதியம் அங்கேதான் ஓடினார்.

வட்டார ஆவணக் காப்பகத்தில் பெட்டி தூக்குவது அவர் வேலை. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊரின் ஜனங்கள், தங்களிடம் மிஞ்சியிருந்த புகைப்படங்களைக் காப்பகத்தில் கொடுத்திருந்தார்கள். அவற்றுக்குப் பிரதி எடுத்து, அசல் படங்களை மூன்று பெட்டிகளில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்டியிருந்தார்கள்: 'பிரதி எடுத்தாயிற்று. அளிக்க.'

பெட்டிக்காரர் தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவர். ழகரமும் ளகரமும் அவர் வாயில் ஒன்றுதான், கண்ணிலும் அப்படியே. பிரதி எடுத்தாகிவிட்டது, இனி இதை அழிக்கத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக் காலையில் மச்சான் கிடங்குக்குப் போகும் கழிவுக் காகித வண்டியில் அவரே ஏற்றி அனுப்பிவிட்டார்.

மதியம் காப்பாளர் அம்மா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த மூணு பெட்டியையும் முன் அறையில வைங்க. நாளைக்கு ஊர்க்காரங்க வர்றாங்க. அவங்கவங்க படத்தை அவங்கவங்க கையிலயே அளிக்கணும்."

பெட்டிக்காரருக்கு அப்போதுதான் அந்தச் சீட்டு புரிந்தது. "சரிங்கம்மா" என்றார். வேறு யாரோ பேசியது போல இருந்தது.

வேலை போகும், அது தெரிந்ததுதான். ஆனால் ஒரு பெண் துணியில் சுற்றிக் கொண்டுவந்த படம் கண்முன் வந்து நின்றது. "எங்கம்மா முகம் இது ஒண்ணுலதாண்ணே இருக்கு" என்று சொல்லி அவர் கையில்தான் கொடுத்தாள். "பெட்டிக்குள்ள போயிட்டா பத்திரம்மா" என்று அவரும் பெரிய மனுஷனாகச் சொல்லியிருந்தார். பிரதி இருந்தால் மட்டும் அது அந்தப் படம் ஆகிவிடுமா?

காகிதத்தை அமுக்கிக் கட்டும் மிஷினின் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. 'டொம்' என்று விழும்போதெல்லாம் அவர் இன்னும் வேகமாக ஓடினார். எந்த 'டொம்'மில் அந்த முகம் போனதோ?

"அடேயப்பா! மாப்ளைக்கு வழி தெரிஞ்சுடுச்சா?" என்றார் மச்சான். "பணம் கொண்டாந்தியா, வெறும் வாய்தானா?"

"மச்சான், மிஷினை நிறுத்துங்க!"

"வட்டிகூட இன்னும் கேக்கலியே, அதுக்குள்ள தொழிலையே நிறுத்தச் சொல்றியே!"

"உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க மச்சான்!"

அவர் முகத்தைப் பார்த்ததும் மச்சான் சட்டென்று சுவிட்சை அணைத்தார். இரண்டு பெட்டிகள் தராசுக்குப் பக்கத்தில் கிடந்தன. மூன்றாவது மிஷினின் வாய்க்குள் இருந்தது. மேல்தகடு அதன் ஒரு மூலையை நசுக்கியிருந்தது.

பெட்டிக்காரர் கையை உள்ளே விட்டு இழுத்தார். திறக்கவே பயமாக இருந்தது. மச்சான்தான் மூடியைத் தூக்கினார். துணிச்சுற்று அப்படியே இருந்தது. உள்ளே அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மட்டும் ஒரு மடிப்பு.

நடந்ததைக் கேட்டதும் மச்சானின் முகமும் வெளுத்தது.

"அடப்பாவி, காப்பகத்துச் சொத்தை நான் கூழுக்கு அனுப்பினேன்னு தெரிஞ்சா? அங்கேர்ந்து வர்ற பேப்பர்லதான் என் அடுப்பே எரியுது."

"நான் தப்பா ஏத்தினேன்னு காப்பாளர் அம்மாகிட்டச் சொல்லிடறேன் மச்சான். நீங்க பார்த்து எடுத்து வெச்சதா சொல்றேன்."

"நான் எடுத்து வெச்சேனா?"

"சுவிட்சை அணைச்சது நீங்கதானே?"

மச்சான் மூடியைப் பெட்டிமேல் வைத்தார். "உன் வேலை போச்சுன்னா?"

"போச்சுன்னா உங்க கடனும் போச்சு. எங்கேர்ந்து தருவேன்?"

மச்சானுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எழுந்து போய் ஈரத் துணியை எடுத்தார். "அழிக்கிறதுக்கு ஊர்ல வேற ஒண்ணுமே கிடைக்கலியா உனக்கு? அழிக்கிறதுன்னா இதை அழிக்கணும் மாப்ளே" என்று சொல்லிக் கதவிலிருந்த கடன் கணக்கைத் துடைத்தார்.

பெட்டிக்காரர் கிட்டப் போய், எழுத்து ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்.