நட்சத்திரம் போட்ட கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இணையதளம் செய்து தரும் அந்தச் சின்ன கம்பெனியில் யார் எதை முடித்துவிட்டு "எல்லாம் பக்கா" என்று எழுந்தாலும், இவள் போய் உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் பத்து ஓட்டை கண்டுபிடித்துக் கொடுப்பாள். ஒரு மயிரிழை நகர்ந்த பொத்தான்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் தன் வீட்டில் எட்டு மாதமாக ஒன்றையும் கவனிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கவனிக்கும்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதும் உண்மைதான். கணவரும் அவளும் சண்டை போடவில்லை, சமாதானமும் ஆகவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, நாளைக்கு லேட்டாகும். இவ்வளவுதான் பேச்சு.

அந்த வாரம் அவளுக்கு வந்த வேலை ஒரு வக்கீல் அலுவலகத்தின் தளம். விவாகரத்து மாதிரியான குடும்ப வழக்கு மட்டும் பார்க்கிற இடம். தளத்தை முன்பே அவள் கம்பெனிதான் செய்து கொடுத்திருந்தது. இப்போது அதில் குக்கீ ஒப்புதல் கேட்கிற பட்டை வைக்க வேண்டும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் கீழேயிருந்து எழும்பி வந்து, 'உங்களைப் பற்றிய குறிப்புகளைச் சேமிக்கலாமா?' என்று கேட்டுக்கொண்டு வழி மறித்து நிற்குமே, அதுதான். ஒருவரும் படிப்பதில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி எதையாவது அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

"'எல்லாம் சம்மதம்'கறதைப் பச்சையில பெருசா வை. 'தேவையானவை மட்டும்'கறதைச் சாம்பல் கலர்ல, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி வை" என்றார் மேனேஜர்.

"அதை நீங்களே வக்கீலம்மாகிட்ட சொல்லிடுங்க சார்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. "ரெண்டையும் ஒரே அளவுல வச்சுத் தொலை" என்றார்.

வக்கீலம்மா கறாரான ஆள். அவருக்கும் இவளுக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. தளத்தில் முதல் சந்திப்புக்கு ஒரு படிவம் உண்டு. அதைப் பாதி எழுதிவிட்டு எழுந்து போகிறவர் மறுபடி வந்தால், எழுதியது அப்படியே இருக்க வேண்டும், 'தேவையானவை மட்டும்' என்று அமுக்கியவருக்கும் அது சேமிக்கப்பட வேண்டும் என்றாள் இவள். வக்கீலம்மா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். "ஆனா அது அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். எழுதினவங்களைத் தவிர வேற யார் கண்ணுலயும் படக்கூடாது. இதுக்கு நீதான் பொறுப்பு."

"சரி மேடம்."

புதன்கிழமை பட்டை தளத்தில் ஏறியது. சனிக்கிழமை காலையில், வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிற பழைய லேப்டாப்பில் அதைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தாள். வக்கீலம்மாவிடம் வருகிறவர்கள் எல்லாரும் புது மாடல் வைத்திருக்கப் போவதில்லை. பழையதில் ஓடினால்தான் ஓடியதாக அர்த்தம். பக்கம் திறந்தது. பட்டை வரவில்லை.

மறுபடி திறந்தாள். வரவில்லை. போனில் வந்தது, ஆபீஸ் லேப்டாப்பில் வந்தது, இதில் மட்டும் அடம்பிடித்தது. தான் எழுதியதில்தான் தப்பு என்று முக்கால் மணி நேரம் வரிவரியாகத் தோண்டினாள். அவள் தொழிலில் இருக்கிற யாரும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவார்கள். டீ ஆறி ஆடை கட்டியது.

பிறகுதான் உறைத்தது. ஏற்கெனவே பதில் சொன்னவரிடம் பட்டை மறுபடி கேட்காது. கேட்கக் கூடாதென்று எழுதி வைத்ததே அவள்தான்.

பட்டை சேமித்த பதிலைத் திறந்து பார்த்தாள். வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. தேர்வு: தேவையானவை மட்டும். வியாழக்கிழமை மதியம் அவள் அலுவலகத்தில் இருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற கணவருக்கு வியாழன்தான் வார விடுமுறை, சனி ஞாயிறு சாயங்கால ஷிப்ட். அந்த லேப்டாப்பைத் தொடுகிற மூன்றாவது ஆள் வீட்டில் கிடையாது.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. விரல் படுவது தெரிகிறது, அவ்வளவுதான். பக்கத்து அறையில் அவர் அந்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்த துணியில் பெட்டி ஓடுகிற சத்தம் சீராக வந்தது.

ஒருவேளை அவள் வேலையைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் போனாரோ? திங்கட்கிழமை சாப்பிடும்போது, ஒரு வக்கீல் ஆபீஸ் வேலை வந்திருக்கிறது என்று சொன்னாள். போனைப் பார்த்தபடி "ம்" என்றார். அது காதில் விழுந்திருக்கலாம் அல்லவா? ஊரில் அறுபதோ எழுபதோ இருக்கிற வக்கீல் அலுவலகங்களில் தேடிப் பிடித்து, பெண்டாட்டி செய்த பட்டையைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம் அல்லவா? இந்த நப்பாசையை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் விட மனமில்லை.

தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். படிவத்தைத் திறந்தால், காலியாக இருந்தால் வேடிக்கை பார்க்க வந்தவர். எழுதியிருந்தால் வேறு. சுட்டி படிவத்தைத் திறக்கிற பொத்தானின் மேல் நின்றது. எழுதினவங்களைத் தவிர வேற யார் கண்ணுலயும் படக்கூடாது. நீதான் பொறுப்பு. சரி மேடம் என்று சொன்னவள், சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

"வியாழக்கிழமை லேப்டாப்புல ஒரு வக்கீல் பக்கம் பார்த்தீங்களா?"

இஸ்திரிப் பெட்டி காலரின் நடுவில் நின்றது. அவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

"ஆமா."

"என் வேலையைப் பார்க்கவா?"

தப்பிக்க வழியும் அவளே காட்டிவிட்டாள். ஆமாம் என்றால் முடிந்தது. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனாள்.

"அது நீ பண்ணினதா? எனக்குத் தெரியாதே" என்றார்.

அவள் தலையாட்டினாள். "அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. பாதியில நின்னுபோச்சு. காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நிரப்பாம மேல போக விடல."

"சிவப்பு நட்சத்திரம் போட்டது."

"அதான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்." சட்டையின் கையை இழுத்துச் சரி செய்தார். "அடிச்சேன்னு எழுத முடியுமா, திட்டினேன்னு எழுத முடியுமா? நீ ஒண்ணும் பண்ணல. நானும் ஒண்ணும் பண்ணல. அதை எப்படி எழுதறது?"

அவள் திரும்பி வந்து ஆறின டீயைக் குடித்தாள். பிறகு இருவரும் கடைக்குப் போனார்கள். வெங்காயம், சோப்பு, பல்பு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் மின்விசிறியைத் துடைத்தார், அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வக்கீலம்மாவுக்குச் சோதனை அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பட்டை எல்லாக் கருவியிலும் வருகிறது. பழைய லேப்டாப்பிலும் கோளாறு இல்லை. ஏழு குறிப்பு எழுதிவிட்டு எட்டாவதில் கை நின்றது. படிவத்தில் குறை இருக்கிறது, மனிதர்கள் அதில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரம் இருக்கும்வரை அவர் ஒவ்வொரு வியாழனும் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போவார். அவர்கள் கல்யாணத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது இப்போது அது ஒன்றுதான்.

அப்படிக் கட்டிப்போட்டு அவரை வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுதினாள்: 'காரணம் என்ற கட்டத்தைக் கட்டாயம் ஆக்க வேண்டாம்.'

அரை மணியில் வக்கீலம்மா கூப்பிட்டார். "நல்ல யோசனைம்மா. என்ன காரணம்னு தெரியாமத்தான் பாதிப் பேர் எங்ககிட்டயே வர்றாங்க. உனக்கு எப்படித் தோணுச்சு?"

"வீட்ல சோதிச்சுப் பார்த்தேன் மேடம்."

ஒரே ஒரு சொல்லை அழிக்கிற வேலை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நட்சத்திரம் போய்விட்டது.

மாலை வீட்டுக்கு வந்தபோது அவர் மேசையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து மின் கட்டணத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னாள்.

"அந்தக் கட்டம் இப்ப கட்டாயம் இல்ல. காலியா விட்டாலும் போகும்."

"நீயா எடுத்த?"

"ம். அங்க அது தப்பா இருந்துச்சு."

அவர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் அப்படி நேராகப் பார்த்து எத்தனையோ நாளாகிறது என்பதால் அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நீயா இருந்தா அதுல என்ன எழுதியிருப்ப?" என்று கேட்டார்.

சாவி, கேஸ், நாளைக்கு லேட்டாகும் இதெல்லாம் இல்லாமல், எட்டு மாதத்தில் அவள் மனதில் இருப்பதை அவர் கேட்ட முதல் கேள்வி. சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஊசியின் மரப்பு விடும்போது முதலில் தெரிவது வலிதானே, அது நெஞ்சில் தெரிந்தது. நன்றாகவே வலித்தது. வலிக்கிறதே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கண்ணில் நீர் முட்ட, பையைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யோசிக்கணும். நேரமாகும்" என்றாள்.

"ஆகட்டும்" என்றார் அவர்.