ஊன்றி வைத்த துப்பாக்கி

மூன்று நாள் ரயில் பயணத்தில் அம்சம் கண்ணை மூடவில்லை. அவள் புடவை மடிப்பில் முடிந்து ஒரு கடிதம் இருந்தது. திருத்துறைப்பூண்டியில் ரயிலேறிய அன்று காலையில்தான் தபால்காரர் கொடுத்தார். பட்டாளத்து முத்திரை போட்ட இரண்டாவது கடிதம் அது.

முதல் கடிதம் தை மாதம் வந்தது. கார்த்திகையில் எல்லையில் நடந்த சண்டையில், பட்டாளத்துக்குப் போன அவள் புருஷன் வைரக்கண்ணு காணாமல் போய்விட்டான் என்று அதில் எழுதியிருந்தது. காணாமல் போன மாடுகூட நாலாம் நாள் வீடு திரும்புகிறது, மனுஷன் வரமாட்டானா என்று அவள் பொட்டும் தாலியுமாகத்தான் நடமாடினாள். இந்த இரண்டாவதை உடைக்கத்தான் பயம். யாரிடமும் காட்டவில்லை.

உழுகிறவனுக்கு நிலம் கேட்டு டெல்லியில் ஊர்வலம். விவசாயச் சங்கத்துக் கோவிந்தராசு கூட்டி வந்திருந்தார். வாய் ஓயாத மனிதர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் நில உச்சவரம்பு பேசுவார். ஊர்வலம் முடிந்த மறுநாள், வந்தது வந்தோம் என்று எல்லோரையும் இந்தியா கேட்டுக்கு அழைத்துப் போனார்.

காக்கியும் துப்பாக்கியும் கண்ணில் பட்டதுமே அம்சம் கோவிந்தராசு முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன் கூலித் தகராறில் போலீஸ் ஊருக்குள் வந்தபோது, விடிய விடிய வயல் சேற்றில் குப்புறக் கிடந்தவள் அவள். இங்கே சிப்பாய்கள் கண் சிமிட்டாமல் நின்றார்கள். அவர்கள் நடுவே கறுப்புக் கல்மேடை, நாலு மூலையிலும் விளக்கு, ஒன்றில் நெருப்பு. மேடைமேல் ஒரு துப்பாக்கி, முனை கீழே குத்தி நின்றது. அதன்மேல் இரும்புத் தொப்பி.

அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. இது அவளுக்குத் தெரிந்த சங்கதி. அறுப்பில் தகராறு என்றால் அவள் ஊர் ஆட்கள் வேலையை நிறுத்திக் கரையேறும்போது, கருக்கரிவாளின் மூக்கை வரப்பில் குத்தி, தலைத்துண்டை அதன்மேல் போட்டுவிட்டு வருவார்கள். வைத்தவன் வந்து எடுக்கிறவரை அந்த வயலில் வேறு ஆள் இறங்கக் கூடாது. பட்டாளத்துக்குப் போகுமுன் வைரக்கண்ணு இரண்டு தடவை அப்படி வைத்தான். இரண்டு தடவையும் அவனே வந்து எடுத்தான்.

"அண்ணே, அங்க பாருங்க. நம்மூரு மாதிரியே குத்தி வச்சிருக்காங்க."

"ஆமா அம்சம்."

"அப்ப வந்து எடுத்துக்குவாங்கதானே?"

கோவிந்தராசு கூட வந்தவர்களை முன்னால் போகச் சொன்னார்.

"சொல்லுங்கண்ணே. யாரோடது அது?"

"இன்னாரோடதுன்னு இல்லம்மா. சண்டையில செத்தவங்க எல்லாருக்கும் பொதுவா வச்சது. ஒருத்தன் விழுந்த எடத்துல அவன் துப்பாக்கியத் தலகீழா ஊனி, தொப்பிய மேல வைப்பாங்களாம். ஆளு இங்கதான் கெடக்குறான்னு அடையாளம்."

"எப்ப எடுப்பாங்க?"

"எடுக்கவே மாட்டாங்கம்மா. நெருப்பையும் அணைய விடமாட்டாங்க."

அவள் மேடையை நோக்கி இரண்டு அடி வைத்தாள். அந்தத் துப்பாக்கியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. ஒரு சிப்பாயின் கண் அவள் பக்கம் திரும்பியது. கோவிந்தராசு அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பங்குனி வெயிலில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மடியை அவிழ்த்தாள். வேர்வையில் கடிதம் நசநசத்துப் போயிருந்தது.

"எப்ப வந்துச்சு இது?" என்றார் கோவிந்தராசு.

"பொறப்பட்ட அன்னிக்கி. படிங்கண்ணே."

அவர் உறையைக் கிழித்தார். தட்டச்சில் இரண்டே வரி. அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஆளு கெடச்சிட்டான் அம்சம். உயிரோட இல்ல. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

அவள் அழவில்லை. மேடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவரு துப்பாக்கிய ஊனி வச்சாங்களாமா?"

கோவிந்தராசு அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது அவளுக்கும் தெரிந்தது.

"ஆமாம்மா, வச்சாங்களாம்" என்றார்.