கூட்டினால் ஒன்று

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைத் 'தசமம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடி, புள்ளிவிவரப் பிரிவு, பதினொரு வருடமாக ஒரே நாற்காலி. இதய ஆபரேஷனுக்குப் போகிறவர் பிழைக்க இவ்வளவு சதவீதம் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அந்த எண் அவள் மேஜையிலிருந்து போவதுதான்.

நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகள் என்று இரண்டைத்தான் அவள் சொல்வாள். என்னவெல்லாம் நடக்கலாம் என்று முதலில் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் இல்லாதது நடக்காது. பிறகு எல்லாவற்றின் நிகழ்தகவையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். இம்மி கூடவோ குறையவோ கூடாது. அவர்கள் பட்டியலில் இரண்டே கட்டம்: வீடு திரும்பினார், இறந்தார். கணக்கு முடிக்கும் நேரத்தில் யாராவது இரண்டிலும் சேராமல் தொக்கி நின்றால், பெரிய கட்டத்தில் தள்ளிவிடுவது அந்த ஆபீஸ் பழக்கம். பெரிய கட்டம் எப்போதும் வீடுதான். யாருக்கு என்ன நஷ்டம் என்று அவளும் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வருடத்தின் ஆயிரமாவது ஆளாக இன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர் அவள் கணவர். பஸ் டிரைவர். தள்ளுவண்டியில் படுத்தபோதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உன் கணக்குப்படி எனக்கு எவ்ளோ?"

"தொண்ணூத்தியொண்ணு சதவீதம்."

"மிச்சம் ஒம்பது?"

"வாயக் கழுவுங்க முதல்ல."

"எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான்டி. பஸ்ஸுல ஏறினவன் எங்கயாவது எறங்கித்தான் ஆகணும். நடுவுல எங்க போயிடுவான்?"

சிரித்தாள். கதவு மூடியது. வராந்தாவில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மாடியேறி வேலையை எடுத்துக்கொண்டாள். வருடக் கணக்கு நாலு மணிக்குப் போயாக வேண்டும்.

போன வருடக் கோப்பில் அவள் கையெழுத்தே கண்ணில் பட்டது: மிச்சம் ஒன்று, வீட்டில் சேர்க்கப்பட்டது. யார் அந்த ஒன்று? இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. இன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் நம்பரைத் தேடிப் போன் போட்டாள். அந்த ஆளின் மனைவி எடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வந்துட்டாருங்களா?"

"வந்துட்டாரு. அன்னைக்குச் சாயந்தரமே. அங்க கட்டில்ல ஆளைக் காணோம்னு தேடுறாங்க, இங்க வாசல்ல நிக்கிறாரு. இன்னமும் அங்கேயேதான் நிக்கிறாரு."

"உள்ள கூப்பிடலையா?"

"கூப்பிடாம இருப்பேனா? ஒரு காலைத் தூக்குவாரு. மறுபடி அதே எடத்துல வெச்சிடுவாரு. பேச்சு இல்ல, சாப்பாடு இல்ல. மழை பெஞ்சாக்கூட நனையுறதில்ல. ஏம்மா, அவரு வீட்டுக்குப் போயாச்சுன்னு எழுதினது யாரு?"

போனை வைத்துவிட்டாள். பாவம், அந்தப் பொம்பளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கூட்டினாள். வீடு தொள்ளாயிரத்துப் பத்து, இறப்பு எண்பத்தொன்பது. ஆயிரத்துக்கு ஒன்று குறைந்தது. அந்த ஒன்று இன்னும் தியேட்டரில் கிடந்தது. கீழே கேட்டதற்கு, தைத்தாயிற்று, இன்னும் கண் முழிக்கவில்லை, எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கணக்குப் பாரத்தின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

அவளுடைய மேலதிகாரி எட்டிப் பார்த்தார். ஒரு புள்ளி இடம் மாறினாலும் குதிப்பதால் அவருக்குப் 'புள்ளி சார்' என்று பெயர்.

"என்னம்மா இது, புதுசா ஒரு கட்டம்?"

"முடிவு தெரியல சார். இது என் வீட்டுக்காரரு."

"உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா இருக்கிறது ரெண்டு கட்டம்தானே? ரெண்டுல ஒண்ணு நடந்துதான் ஆகணும்." அவள் வரைந்ததை அடித்துவிட்டார். "உன்னால முடியலன்னா விடு, நானே போட்டுடுறேன்."

அவர் பேனா எந்தக் கட்டத்தில் இறங்குமோ என்ற பயத்தில் பாரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் சாவு. எந்தப் பெண்டாட்டியின் கையும் வேறெங்கே போகும்? வீட்டுக் கட்டத்தில் தொள்ளாயிரத்துப் பத்தை அடித்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று என்று எழுதினாள். இப்போது கூட்டினால் ஒன்று. புள்ளி சார் பாரத்தை வாங்கி அனுப்பிவைத்தார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நர்ஸ் போனில் கூவினாள்.

"அக்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு! கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் கேட்டாரு. எறங்குற எடம் வந்துருச்சான்னு என்கிட்டயே கிண்டல் பண்றாரு. இப்பத்தான் மருந்து எடுக்கத் திரும்பினேன்..." குரல் சட்டென்று இறங்கியது. "அக்கா, அங்க வந்தாரா? கட்டில்ல ஆளைக் காணோம். போர்வை இன்னும் சூடாத்தான் இருக்கு."

அவள் கட்டில் பக்கம் போகவில்லை. எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். படியிறங்கி, செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் வீட்டுக்கு ஓடினாள்.

தெருமுனையிலிருந்தே தெரிந்தது. பச்சை ஆஸ்பத்திரி உடுப்பு, வெறுங்கால், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. அவர் வாசலில், படிக்கு வெளியே நின்றார். பிழைத்துவிட்ட மனுஷன். கட்டத்தை இன்னும் பத்து நிமிடம் காலியாக விட்டிருந்தால் நாலு நாளில் தன் காலாலேயே நடந்து வந்திருப்பார்.

கதவை விரியத் திறந்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டு கையை நீட்டினாள்.

"வாங்க. எறங்குற எடம் வந்துருச்சுங்க. வாங்க."

அவர் ஒரு காலைத் தூக்கினார். அவள் கையை இன்னும் எட்டி நீட்டினாள். மெதுவாக அதே இடத்தில் வைத்தார்.