ஹோனௌனௌவின் சுவர்

ஆகிப் இறந்து எட்டு மாதம் கழித்து, நெய்னா முகம்மது தன் மனைவி நசீமாவை ஹவாய்க்கு அழைத்துப்போனான். ஆகிப் நசீமாவின் ஒரே தம்பி. லேக் டாஹோவிலிருந்து கலிபோர்னியாவில் தாங்கள் வசித்த டப்ளினுக்குத் திரும்பும்போது, ஃப்ரீவேயில் காரை ஓட்டிய நெய்னா ஒரு நொடி கண்ணயர்ந்துவிட்டான். பக்கத்து சீட்டில் ஆகிப் இருந்தான். அதன் பிறகு நசீமா கணவனை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசியதில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

ஹோனௌனௌ கடற்கரையில் எரிமலைப் பாறைகளை அடுக்கிக் கட்டிய நீண்ட சுவர் நின்றது. அதையொட்டி ஓர் ஓலைக் குடில். முன்பு தீவின் குலத்தலைவர்களின் எலும்புகளை வைத்திருந்த இடம். எல்லோரும் மெதுவாகவே பேசினார்கள். அந்தப் பூங்காவின் ரேஞ்சர் பெண் விளக்கினாள்: பழைய காலத்தில் புனிதத் தடையை மீறியவனுக்கு மரணம்தான் தண்டனை. துரத்துகிறவர்களிடம் பிடிபடாமல், நீந்தியாவது இந்தச் சுவருக்குள் வந்துவிட்டால், பூசாரி அவன் குற்றத்தை நீக்கிவிடுவார். பிறகு அவன் வீடு திரும்பலாம்.

நசீமா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா, மச்சான்?"

அவன் சுவரின் மேல் கை வைத்தபடி நின்றான். வெயிலில் கல் சுட்டது.

பக்கத்துக் கடற்கரையில் கேம்பிங்குக்கு இடம் புக் பண்ணியிருந்தான். கூடாரம் அடித்து முடிக்கவும் சூரியன் இறங்கியது. ஃபோனில் கிப்லா திசை பார்த்து இருவரும் மஃரிப் தொழுதார்கள். தொழுகைப் பாயை மடிக்காமல் அவன் கேட்டான்.

"என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு தடவை வாய்விட்டு சொல்லிடு, நசீ."

அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"டெய்லி துவா கேக்குறேன், அந்த மனசைக் குடுன்னு. வரலை மச்சான். இப்ப சொன்னா பொய்யாயிடும்."

"டைம் எடுக்கும்ல?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்க அசந்து தூங்குறதைப் பாத்தாலே எனக்கு அவன் முகம்தான் வருது. தினமும் அதோட எப்படி இருக்கிறது?"

காலையில் அவள் எழுந்தபோது நெய்னா வெளியே மணலில் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நான் தனியா ஒரு அபார்ட்மெண்ட் பாத்துக்கறேன்," என்றாள்.

"வேணாம். நீ வீட்லயே இரு. நான் போறேன்."

"சரி."

அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தான். நசீமா குனிந்து கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். சற்று நேரம் கழித்து அவனும் எழுந்து, கூடாரத் துணியின் மறுமுனையைப் பிடித்து மணலை உதறினான்.