எங்கேயும் போகாத கப்பல்

டிப்போவில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலை போகிற அவசரம் என்றாலும் பேருந்தை மெதுவாகத்தான் ஓட்டுவார். அப்பேர்ப்பட்ட நிதானத்துக்கே இப்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காரணம் ஒரு கப்பல். அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இரவு வேலை பார்த்த அவர் மனைவியும் போன மாதம் ஓய்வு பெற்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணா எங்கேயுமே போனதில்ல, போயிட்டு வாங்க" என்று மகள் ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று இரவுகளுக்கு இடம் பிடித்துவிட்டாள். எந்த அறை, என்ன சாப்பாடு என்பதை மட்டும் அப்பாவே டிராவல்ஸ் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

போனார். அங்கே இருந்த பெண்ணுக்குப் பொறுமை அதிகம். அது அவளுக்குத் தேவைப்பட்டது.

"முன்னாடி சீட்டா பார்த்துக் குடும்மா. என் வீட்டுக்காரிக்கு வாந்தி வரும். ரோட்டைப் பார்த்துக்கிட்டே வந்தா வராது."

"சீட்டு இல்ல சார், ரூம். அதுவும் முன்பக்கம்தான் ஆட்டம் ஜாஸ்தி. நடுவுல எடுத்துக்கோங்க."

"ஜன்னல் திறக்குமா?"

"திறக்காது சார்."

ஜன்னல் திறக்காவிட்டால் வாந்தி வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்தார். வயசுப் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது?

"சரி, எந்த ஊர்ல இறங்கணும்?"

"எங்கேயும் இறங்க வேண்டாம். கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துடும்."

நிதானம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தானேம்மா நான் முப்பது வருஷம் பண்ணினேன்? அதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

எது எப்படியோ, மனைவி வர வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேலை பார்த்த காலமெல்லாம், அவள் இரவு வேலை முடிந்து படியேறும்போதுதான் அவர் வேலைக்குப் படியிறங்குவார். ஒரு டிரைவர் இறங்கி இன்னொரு டிரைவரிடம் வண்டியை ஒப்படைப்பதுபோல வாசலில் வைத்துக் குழந்தையை ஒப்படைப்பார். "பால் குடிச்சாச்சு", "லேசா காய்ச்சல் இருக்கு", அவ்வளவுதான் பேச்சு. வார விடுமுறைகூட இருவருக்கும் ஒரே நாளில் வாய்த்ததில்லை. இப்போதும் பழக்க தோஷம், அவள் பகலில் தூங்கினாள். இரவெல்லாம் அலமாரியை ஒழித்து அடுக்கினாள்.

கப்பல் பேச்சை எடுத்தால் அவள் பிடி கொடுக்கவே இல்லை. வரமாட்டேன் என்று சொன்னால்கூடச் சண்டை போடலாம். அவளோ கேள்வி கேட்டாள்.

"குழாய்ல தண்ணி வருமா?"

"கடலுக்கு நடுவுல போய்த் தண்ணி வருமான்னு கேக்குறியே! வரும்."

"கூட்டம் இருக்குமா?"

அவளுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. எனவே பயந்துகொண்டே சொன்னார்: "ரெண்டாயிரம் பேர் வருவாங்களாம்."

அவள் முகம் மலர்ந்தது. அவருக்கு விளங்கவில்லை. சமாதானப்படுத்துகிறோம் என்று நினைத்து, "நாம வெளியே போக வேணாம். சாப்பாடு ரூமுக்கே வருமாம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கலாம்" என்றார். முகம் சுருங்கிவிட்டது. இவளுக்கு வேண்டியது கூட்டமா, தனிமையா? மண்டையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாள் டிராவல்ஸ் பெண் போன் செய்தாள். குரலில் ஒரு தயக்கம்.

"சார், உங்க வீட்டம்மா பேசினாங்க. ரூம் ரெண்டா போட முடியுமான்னு கேட்டாங்க."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவங்களுக்காம். அப்புறம்... கப்பல்ல உங்களுக்கு ஏதாவது வேலை போட்டுக் குடுப்பாங்களான்னும் கேட்டாங்க சார்."

போனை வைத்துவிட்டு நிதானம் அப்படியே உட்கார்ந்திருந்தார். குறட்டைக்காகவா? அவர் குறட்டை விடும் நேரத்தில் அவள் அலமாரியோடு அல்லவா இருக்கிறாள்? அவர் மேல் வாடையா? வெறுப்பா? யாரிடம் போய்க் கேட்பது? நெஞ்சு வலித்தது, டாக்டரிடம் காட்டுகிற வலி இல்லை அது.

சாயங்காலம் அவள் துவைத்த போர்வைகளைக் கட்டில்மேல் போட்டு, முனையோடு முனை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். நேரே போய் நின்றார்.

"ரெண்டு ரூம் கேட்டியாமே. என் மேல என்ன கோபம்?"

அவள் கை நின்றது. "கோபம் இல்லீங்க. பயம்."

"கடலுக்கா?"

"கடலுக்கு என்ன பயம்? மூணு நாளு. கதவைச் சாத்தினா நீங்களும் நானும்தான். என்னங்க பேசுறது? பால் குடிச்சாளா, காய்ச்சல் விட்டுச்சான்னு கேக்கறதுக்கு அவளும் கல்யாணமாகிப் போயிட்டா. ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா, நமக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சு போயிடுமோன்னு இருக்கு."

பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வராததைக் கண்டு அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வேறு வழி தெரியாமல் போர்வையின் மறுமுனையைப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்தார். அவள் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு போர்வைகள் மடிந்தன.

ஏதாவது பேசியாக வேண்டுமே என்று அவள்தான் கேட்டாள். "சாப்பாடு என்ன சொல்லியிருக்கீங்க?"

"புளிப்பு இல்லாம எதுவா இருந்தாலும் சரின்னேன்."

"ஏன்?"

"எனக்குப் புளிப்பு ஆகாதே."

அவள் போர்வையைக் கீழே போட்டாள். "ஆகாதா? உங்களுக்குப் பிடிக்கும்னுதானே எல்லாத்துலயும் தூக்கலாப் போட்டேன்! ராத்திரி வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே மதியத்துக்குக் கட்டி வச்ச டப்பா ஒருநாள்கூட மிச்சமில்லாமத்தானே திரும்பி வந்துச்சு?"

"கண்டக்டர் சாப்பிடுவான். உன் சமையல்னா அவனுக்கு உசிரு."

"அப்ப நீங்க?"

"அவன் டப்பாவை நான் சாப்பிடுவேன்."

"அடப்பாவி மனுஷா! யார் யாருக்கோ பொங்கிப் போட்டிருக்கேனா நான்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"எப்பச் சொல்றது? நீ உள்ள வர்றப்ப நான் வெளிய போறேன். வாசப்படியில நின்னு புளிப்பைப் பத்தியா பேசுறது?"

முறைத்தாள். முறைத்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். அவள் இப்படிச் சத்தமாகச் சிரிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு விஷயமும் இருக்கு. நீ கோவிச்சுக்கக் கூடாது. கல்யாணமான புதுசுல ஒருநாள்..."

அவள் சட்டென்று கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"போதும், நிறுத்துங்க. அந்தப் பொண்ணுக்குப் போனைப் போட்டு, ஒரு ரூம் போதும்னு சொல்லுங்க. எல்லாத்தையும் இங்கேயே கொட்டிட்டா அங்க என்ன பேசுறது?"